தோன்றா எழுவாய்

ஐந்தரைக்குள் முந்நூறு சொல் என்றாள் ப்ரூக்.
மூன்று மணிக்கு ஹாலமில் அந்தத் தெருவில் நின்றேன்.
நீலமும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட நாடா
கடிதப் பெட்டியிலிருந்து வேலி வரைக்கும்.
கையில் இரண்டு எண்கள். எதிரே ஒரு வேலி.
எப்போதும் இவ்வளவுதான்,
எடுப்பவர்கள் எடுப்பார்கள்.

போலீஸ் ஊடகப் பிரிவு இரண்டாம் மணியில் எடுத்தது:
"முப்பத்து நான்கு வயதுப் பெண்.
ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்.
பொதுமக்களுக்கு ஆபத்து இல்லை."
பொதுமக்கள் என்ற சொல்லுக்குள்
அவள் எப்போதிலிருந்து இல்லை என்று
கேட்கத் தோன்றவில்லை.

கோயில் நிர்வாகக் குழுத் தலைவர்
நான் கூப்பிடுமுன் தானே கூப்பிட்டார்:
"நல்ல குடும்பம், பிள்ளை.
திருவிழாவுக்கு அவர்தான் சவுண்ட் சிஸ்டம்.
எங்கட சனத்தின்ர பேர் கெடாமல் எழுதுங்கோ."

வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டாவ்ரோஸ்,
தக்காளிக்கு விட்ட தண்ணீரை நிறுத்தாமலே:
"அமைதியான மனிதன். வியாழன்தோறும்
என் குப்பைத்தொட்டியையும் சேர்த்து
உள்ளே இழுத்து வைப்பான்."

அழகாய் இருந்தது அந்தத் தொட்டி.
இரண்டாம் பத்தியில் வைத்தேன்.
ப்ரூக் ஒரு சொல்லையும் தொடவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஒரு பெண்குரல்.
டான்டினாங்கில் கார் ஓட்டப் பழக்குகிறவள்.
பெயர் வேண்டாம் என்றாள், இரண்டு தரம்.
(இங்கே ஹக்கீமா என்கிறேன். அது அவள் பெயரல்ல.)
பிறகு சொன்னாள்:
"தொட்டியைப் பற்றி எழுதியிருக்கிறாய்."

பதினொரு வகுப்பு.
புதன் காலை, வேலைக்கு நடப்பதாய்ச் சொல்லிவிட்டுக்
கோழித் தொழிற்சாலையின் பின்வேலியில் ஏறுவாளாம்.
கட்டணம் இரண்டு டாலர் நாணயங்களாக,
ஒரு குழந்தைக் காலுறைக்குள் முடிந்து.
ரவுண்டபவுட்டுக்குப் பயமில்லை. லாரிக்குப் பயமில்லை.
கைபேசி அதிர்ந்தால் மட்டும்
நடுவீதியில் பிரேக்கை மிதிப்பாள்.
முதல் நாளே கேட்டாளாம்:
"பின்பக்கமாய் நிறுத்தப் பழக்குங்கள்.
புறப்படும்போது திருப்ப நேரம் இருக்காது."

பத்தொன்பதாம் தேதி பரீட்சை.
"அவளுடைய தட்டைச் சப்பாத்து ஒரு சோடி
என் டிக்கியில் கிடக்கிறது.
யாரிடம் கொடுப்பது?"
எனக்குத் தெரியவில்லை.

தமிழ்ப் பேப்பரில் எழுதுவார்களே,
நம்பத்தகுந்த வட்டாரங்கள் என்று.
நோட்டில் வட்டம் போட்டுப் பார்த்தேன்:
சீருடை, தலைவர், வேலி.
மூவரும் கதவுக்கு வெளியே.
அவள் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

நோபிள் பார்க்கில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்,
கொட்டாவியோடு எழுதிய ஒரு பாடம்:
சொல்லாமல் விட்டாலும் வாக்கியத்துக்குள் இருப்பது
தோன்றா எழுவாய்.
'வீட்டில் ஏற்பட்ட தகராறில் பெண் உயிரிழந்தார்.'
என் வரிதான் அது.
ஒரு முழு ஆள் அதற்குள்
நிம்மதியாய் உட்கார்ந்திருக்கலாம்,
தகராறு தானாக ஏற்படும், உயிர் தானாகப் போகும்.

சட்டப் பிரிவுக்குப் போனேன்.
'கொன்றார்' கூடாது, வழக்கு முடியட்டும் என்றார்கள்.
சரிதான். தீர்ப்பு என் வேலை இல்லை.
ஆனால் அந்த வீட்டில் இன்னொரு எழுவாய் இருந்தாள்,
சாவதைத் தவிர வேறு வினைகளும் செய்தவள்.
அவற்றை எழுத
எந்த நீதிமன்றமும் முடியக் காத்திருக்க வேண்டாம்.

ஹக்கீமாவை மறுபடி கூப்பிட்டேன்.
எதைப் போடலாம், எதைக் கூடாது என்று
ஒரு மணி நேரம் வரிவரியாய்.
ஒன்றை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள்.
எடுத்தேன். இங்கேயும் அது இல்லை.

பதினோராம் பக்கம், டயர் விளம்பரத்துக்கு மேலே,
நூற்று நாற்பது சொல்.
தலைவர் இரண்டு தரம் அழைத்தார், எடுக்கவில்லை.
முதல் வரி:
ஜெயவதனி
பின்பக்கமாய் வண்டி நிறுத்தப்
பழகிக்கொண்டிருந்தார்.